ஒசாகாவில் நான்கு நாட்டுச் சாப்பாடு

ஜப்பான் போய்விட்டு வந்தேன் என்றதும் அலுவலகத்தில் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான். பச்சை மீன் சாப்பிட்டீர்களா? இல்லை. ஒசாகாவில் ஒரு வாரம் இருந்தும் ஒருவேளைகூட ஜப்பான் சாப்பாடு சாப்பிடவில்லை. வியட்நாம், இலங்கை, துருக்கி, நேபாளம் என்று நான்கு நாட்டுக் கடைகளில் சாப்பிட்டேன். எந்த நாட்டில் இருக்கிறேன் என்பதே சில நேரம் குழம்பியது. அதைவிடப் பெரிய குழப்பம், எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டவன் என் மகன்தானா என்பது.

எங்களுக்குத் திண்டிவனம். நான் விழுப்புரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருக்கிறேன். மகன் கதிர் மூன்று வருடமாக ஒசாகாவில் இயந்திரம் வடிவமைக்கும் வேலையில் இருக்கிறான். இரண்டு நாளைக்கு ஒருமுறை அவன் அம்மாவுக்கு ஃபோன் செய்வான். ஒருமுறை ஐந்து நாள் ஃபோன் வரவில்லை. வேலை அதிகம் போலிருக்கிறது என்று நாங்களே சொல்லிக்கொண்டோம். ஆறாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து பேசினான்.

"காய்ச்சல்தாம்ப்பா. இப்ப பரவால்ல. நாளைக்கு வுட்டுடுவாங்க."

அதற்குமேல் கேட்டால் நெட்வொர்க் சரியில்லை என்றான். இரண்டு வாரம் கழித்து வீடியோவில் முகத்தைக் காட்டியபோது கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு தெரிந்தது. என் மனைவி செல்வி ஃபோனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"காய்ச்சலுக்கு யாராச்சும் இப்படி வத்திப் போவாங்களா? போய் கூட்டிக்கினு வந்துடுங்க. ஒரகடத்துல இல்லாத கம்பெனியா? எனக்கு முட்டி மட்டும் ஒழுங்கா இருந்திருந்தா உங்கள நம்பிக்கினு இருக்க மாட்டேன்."

அவளுக்கு முழங்கால் தேய்மானம், படியேற முடியாது. ஆக, நான் போனேன். போன வேலை ஒன்றே ஒன்று. பையனைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வருவது.

திங்கட்கிழமை மாலை போய் இறங்கினேன். விமான நிலையத்தில் நின்றிருந்த கதிரை முதலில் அடையாளம் தெரியவில்லை. பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டிருந்தான். பெட்டியை வீட்டில் வைத்துவிட்டு நேராகச் சாப்பிடப் போகலாம் என்றான். பெட்டியில் அவன் அம்மா கொடுத்தனுப்பிய கேப்பை மாவும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை வறுத்ததும் இருந்தன. "ஏழரைக்கு சாப்ட்டாகணும்ப்பா" என்றான். வீட்டில் இருந்தவரை மணி பார்த்துச் சாப்பிடாதவன்.

முதல் கடை வியட்நாம்காரர்களுடையது. ஓர் இளம் தம்பதி நடத்துகிறார்கள், ஐந்து மேசை. பெரிய கிண்ணத்தில் தெளிந்த கோழி ரசம், அதற்குள் அரிசி நூடுல்ஸ், பக்கத்தில் ஒரு தட்டு நிறையப் பச்சை இலைகள். புதினாவும் கொத்தமல்லியும் தெரிந்தன, மற்றவை தெரியவில்லை. இலைகளைக் கிள்ளி ரசத்தில் போட்டு, எலுமிச்சையைப் பிழிந்து குடிக்க வேண்டும். பட்டை, சோம்பு வாசனை எழுந்தது. பயணக் களைப்புக்கு அதைப்போல ஒன்றை நான் இதுவரை குடித்ததில்லை. யாராவது அந்த ஊருக்குப் போனால் தாராளமாகப் போகலாம்.

ஆனால் அந்தப் பெண் கதிருக்கு வைத்த கிண்ணத்தில் நூடுல்ஸ் ஒரு கைப்பிடிகூட இல்லை. கறியும் இலையும்தான். என் கிண்ணம் தளும்பியது.

"ஏண்டா உனக்கு மட்டும் கொஞ்சமா வெச்சுட்டாங்க?"

"எனக்கு அவ்ளோதாம்ப்பா."

அவன் கேட்கவில்லை, அந்தப் பெண்ணாகத்தான் அப்படி வைத்தாள். அதுதான் எனக்குப் புரியவில்லை. சாப்பாடு வருவதற்கு முன்னால் அவன் ஒரு சின்னக் கறுப்புப் பையை எடுத்துக்கொண்டு கழிப்பறைக்குப் போய்வந்தான். வந்ததும் எனக்காகக் காத்திருக்காமல் சாப்பிட ஆரம்பித்தான்.

மறுநாள் அவன் வேலைக்குப் போய்விட்டான். மாலையில் அவன் அலுவலகத்துக்குப் பக்கத்து ஸ்டேஷனுக்கு நான் தனியாக ரயிலில் வர வேண்டும். எத்தனையோ வருடம் ரயிலில் போய்வருகிறவன், இதென்ன பிரமாதம் என்று ஏறினேன். பெட்டியில் கூட்டமில்லை. எல்லோரும் மிகவும் மரியாதையாகத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று ஸ்டேஷன் தாண்டிய பிறகுதான், பெட்டியில் நான் ஒருவன்தான் ஆண் என்பது உறைத்தது. கண்ணாடியில் ரோஸ் நிறத்தில் ஏதோ எழுதியிருந்தது. எங்கள் ஊர் ரயிலாக இருந்தால் ஏறின மறுநிமிடமே, "யோவ், கண்ணு தெரியல? எறங்கு ஜல்தி" என்று காப்பாற்றியிருப்பார்கள். இங்கே யாரும் எதையும் சொல்வதில்லை. என் மகனும் இந்த ஊர்க்காரனாகிவிட்டான் என்று தோன்றியது.

அன்று இலங்கைச் சாப்பாடு. நடத்துகிறவர் ஒரு ஜப்பானியப் பெண்மணி, ஐம்பது வயதிருக்கும். யாழ்ப்பாணத்தில் இரண்டு வருடம் இருந்து சமையல் கற்றுக்கொண்டாராம். வட்டத் தட்டில் நடுவே சோறு, சுற்றிலும் பருப்பு, கத்திரிக்காய், தேங்காய்ச் சம்பல், மேலே அப்பளம். பக்கத்து மேசையில் கோட் போட்ட மனிதர் எல்லாவற்றையும் கரண்டியால் பிசைந்து கண்ணை மூடிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் கையால் பிசைந்தேன். அந்த அம்மாள் என்னிடம் வந்து, "சோறு காணுமோ?" என்று, போதுமா என்பதை யாழ்ப்பாணத் தமிழில் கேட்டார். ஒசாகாவில் என்னிடம் தமிழில் பேசிய ஒரே ஜப்பானியர். ஆனால் கதிரிடம் அவர் கேட்கவில்லை. அவன் தட்டில் சோறு ஒரு முட்டை அளவுக்குத்தான் இருந்தது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் தட்டிலிருந்து பாதிச் சோற்றை அள்ளி அவன் தட்டில் வைத்தேன்.

"சாப்புடு. உங்கம்மா பாத்தா செத்துடுவா."

கதிர் சோற்றைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மறுபடி அந்தக் கறுப்புப் பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனான். திரும்பி வந்து ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டான்.

அந்தப் பையில் என்ன இருக்கிறது என்ற எண்ணம் அங்கேதான் பிடித்துக்கொண்டது. வெளிநாட்டில் தனியாக இருக்கும் பிள்ளைகளைப் பற்றிச் செய்தித்தாளில் படித்ததெல்லாம் ஒன்றொன்றாக ஞாபகம் வந்தது. இளைத்த உடம்பு. ஒவ்வொரு வேளையும் கழிப்பறை. கேட்டால் பாதிப் பதில். நேரடியாகக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. செல்வி தினமும் எங்கள் ஊர் நேரம் நாலு மணிக்குக் கூப்பிடுவாள். அங்கே அப்போது ஏழரை.

"கேட்டீங்களா? வர்றேன்னானா?"

"கேக்கறேன். இப்பதானே வந்தேன்."

"வந்து ரெண்டு நாள் ஆவுது. ஊர் சுத்திக்கினு இருங்க."

புதன்கிழமை நடந்ததை எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுத வேண்டும்.

துருக்கிக் கடை. வாசலிலேயே ஒரு பெரிய கம்பியில் இறைச்சி அடுக்கடுக்காகச் சுழன்றுகொண்டிருந்தது. மீசை வைத்த கடைக்காரர் நீளமான கத்தியால் சீவிக்கொண்டிருந்தார். கதிரைப் பார்த்ததும் கத்தியை உயர்த்தி வணக்கம் சொன்னார். கதிர் வழக்கம்போலப் பையோடு உள்ளே போனான். நான் கடைக்காரரிடம், இது ஆடா என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே சுவரிலிருந்த படத்தைக் காட்டினார். மாடு.

நான் ஆட்டுக்கறியும் கோழியும் சாப்பிடுகிறவன்தான். இது மட்டும் முடியாது. எங்கள் வீட்டில் பழக்கமில்லை. கதிர் திரும்பி வந்தபோது நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

"வா போவலாம். இந்தக் கடை வேணாம்."

"அப்பா, உங்களுக்குக் கோழி சொல்லிட்டேன். தனி அடுப்புதான்."

"அதே கத்திதானே? எனக்கு இந்த வாசனையே ஆவல. வா."

"ரெண்டு நிமிஷம்ப்பா, நான் மட்டும் ஒரு வாய்..."

"அப்பா பட்டினியா நிப்பேன், நீ சாப்புடுவியா?"

அவன் வந்துவிட்டான். அந்த ஒரு வாக்கியத்துக்காக என்னை நானே இன்னும் மன்னிக்கவில்லை. பக்கத்துத் தெருவில் இன்னொரு கடை இருக்கிறது என்று வேகமாக நடந்தான். அங்கே வரிசை. நாங்கள் பதினைந்தாவதாக நின்றோம். கால் மணி நேரம் போயிருக்கும். அவன் கழுத்தில் வேர்வை வழிந்தது, காற்றோ சில்லென்று இருந்தது. கை நடுங்கியது. ஏதோ சொன்னான், வார்த்தை குழறியது. பிறகு என்னை விட்டுவிட்டுச் சாலையோரத்திலிருந்த குளிர்பான இயந்திரத்திடம் தடுமாறிக்கொண்டு ஓடினான். நாணயம் இரண்டு முறை கீழே விழுந்தது. மூன்றாவது முறை விழவில்லை. சர்க்கரைத் தண்ணீர் போன்ற ஒரு பாட்டிலை ஒரே மூச்சில் குடித்துவிட்டுப் படியில் உட்கார்ந்து, தலையை முழங்காலில் வைத்துக்கொண்டான்.

நான் அவன் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். போகிறவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். பத்து நிமிடம் கழித்து நிமிர்ந்து, "ஒண்ணுமில்லப்பா. பசி" என்றான். நான் நம்பவில்லை. இவனுக்கு என்னவோ ஆகிவிட்டது, வெள்ளிக்கிழமைக்குள் எப்படியாவது கிளப்ப வேண்டும் என்று மட்டும் முடிவு செய்தேன்.

வியாழக்கிழமை நேபாளக் கடை. அலுவலகத்தில் தாமதமாகும், நீங்கள் முன்னால் போய் உட்காருங்கள் என்று கதிர் ஃபோனில் சொல்லி, வழியும் அனுப்பியிருந்தான். அவன் குடியிருப்புக்குப் பின் தெருதான். பலகையில் இந்தியக் கொடி, இந்தியச் சாப்பாடு என்று எழுத்து. உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் நேபாளத்துக்காரர்கள். இந்தியாவில் எங்கேயும் நான் பார்த்திராத அளவில், முழங்கை நீளத்துக்கு ஒரு நான் ரொட்டி, தொட்டுக்கொள்ளாமலே தித்தித்தது.

நான் போனபோது கூட்டம் நெருக்கியது. அடுப்புக்குப் பக்கத்தில், மூலையில் ஒரே ஒரு நாற்காலி காலியாக இருந்தது. யோசிக்கவே இல்லை. கர்ச்சீப்பை எடுத்து அதில் போட்டுவிட்டுக் கைகழுவப் போனேன். எங்கள் ரயிலில் ஜன்னல் வழியாகக் கர்ச்சீப் போட்டால் அந்த இடம் போட்டவருடையது. சண்டை வராது. திரும்பி வந்து பார்த்தால் கர்ச்சீப் நான்காக மடிக்கப்பட்டுக் கல்லாவின் மேல் இருந்தது. நாற்காலி காலியாகவே இருந்தது.

அடுப்படியில் நின்றிருந்தவர்தான் முதலாளி. சுரேஷ் என்று பெயர். இந்தியும் ஆங்கிலமும் கலந்து பேசினார். எனக்கு இந்தி வராது, ஆனாலும் அன்று அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தவறவில்லை.

"அந்த இடம் வேண்டாம் அண்ணா. ஒருத்தருக்கு வைத்திருக்கிறேன். வியாழக்கிழமை ஆள்."

"வந்தால் எழுந்துகொள்கிறேன்."

"இல்லை. அவன் வரும்போது காலியாக இருக்க வேண்டும்." பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு என்னை உட்காரவைத்தார். மாவைத் தட்டிக்கொண்டே கேட்டார். "எந்த ஊர்?"

"தமிழ்நாடு."

"அவனும் தமிழ்நாடுதான். நல்ல பையன். ஒன்றரை மாதம் முன்னால் செத்திருப்பான்."

ரொட்டியை அடுப்புக்குள் ஒட்டிவிட்டு அடுத்த உருண்டையை எடுத்தார். நான் யார் என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

"இரண்டு வாரம் தண்ணீர் தண்ணீராகக் குடித்தான். ஒரு ஜக்கு போதவில்லை. நம் கறியில் காரம் அதிகம் போலிருக்கிறது என்று நான் குறைத்துப் பார்த்தேன். உடம்பு இளைத்துக்கொண்டே போச்சு. அப்புறம் ஒரு வியாழக்கிழமை வரவில்லை. ஃபோன் எடுக்கவில்லை. மறுநாள் மதியமும் எடுக்கவில்லை. கடையை மனைவியிடம் விட்டுவிட்டுப் போய்க் கதவைத் தட்டினேன். திறக்கவில்லை. கட்டடம் பார்த்துக்கொள்கிறவரைப் பிடித்து இழுத்து வந்து திறந்தோம். தரையில் கிடந்தான். மூச்சில் அழுகின பழ வாசனை. சர்க்கரை அண்ணா. உடம்பில் இன்சுலின் ஊறுவதே நின்றுபோச்சாம். இன்னும் அரை நாள் போயிருந்தால் முடிந்திருக்கும் என்றார் டாக்டர். இனி வாழ்நாள் முழுக்க ஊசிதான்."

நான் மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஊசி போட்டால் உடனே சாப்பிட வேண்டும். தாமதமானால் சர்க்கரை இறங்கி மயங்கிவிடுவான். அதனால்தான் அடுப்புப் பக்கம் இந்த இடம். அவன் உள்ளே போய் ஊசி போட்டுக்கொண்டு வருவதற்குள் தட்டு இருக்கும். சோறு அளவு எல்லாக் கடைக்கும் தெரியும். திங்கள் வியட்நாம், செவ்வாய் இலங்கை, புதன் துருக்கி. வரவில்லையென்றால் எனக்கு ஃபோன் வரும். நேற்றுகூடத் துருக்கிக்காரன் பதறிக்கொண்டு ஃபோன் செய்தான். பையன் ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் போய்விட்டான், கூட ஒரு கோபக்காரப் பெரியவர் வந்து இழுத்துக்கொண்டு போனார் என்று. நான் உடனே அவனுக்கு மெசேஜ் அனுப்பி, இனிப்பாக ஏதாவது குடித்தானா என்று கேட்டுப் பதில் வந்த பிறகுதான் மூச்சு வந்தது. யாரோ அந்த ஆள், அறிவில்லை."

"அது நான்தான்," என்றேன். "அவனுடைய அப்பா."

சுரேஷின் கையில் மாவு அப்படியே நின்றது. அடுப்பில் ஒரு ரொட்டி கருகியது.

எங்கள் ரயிலில் நான் ஒரு நாள் வராவிட்டால், மயிலம் தாண்டுவதற்குள், "இன்னா சார், லீவா, உடம்பு கிடம்பு சரியில்லியா" என்று மூன்று பேர் ஃபோன் செய்வார்கள். என் மகனுக்கு அப்படி யாரும் இல்லை என்று நினைத்துத்தான் கூட்டிப்போக வந்தேன். அவன் ஒருவேளை வராததற்கு இந்த மனிதர் போய்க் கதவைத் தட்டியிருக்கிறார். ஐந்து நாள் ஃபோன் வராதபோது பெற்ற நாங்கள், வேலை அதிகம் போலிருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

ஏழரைக்குச் சற்று முன் கதிர் வந்தான். என் முகத்தைப் பார்த்தான், சுரேஷின் முகத்தைப் பார்த்தான். மூலை நாற்காலியில் உட்கார்ந்தான்.

"சொல்லிட்டாரா?"

"ஏண்டா எங்களாண்ட சொல்லல?"

"சொன்னா உடனே ஊருக்கு வான்னுவீங்க. சக்கரைன்னா எவன் பொண்ணு குடுப்பான்னு அம்மா அழும். அழட்டும்ப்பா, ஆனா நான் நல்லாத்தான் கீறேன். அளவு தெரியுது. வேல புடிச்சிருக்குது. இங்க எல்லாம் பழகிப்போச்சு."

"நேத்து உன்னக் கொன்னுருப்பேன்டா."

"நான் சொல்லியிருக்கணும். உங்க மேல தப்பு இல்ல."

சுரேஷ் தட்டைக் கொண்டுவந்து வைத்தார். பருப்பு, கீரை, கோழிக்கறி, ஒரு முட்டை அளவு சோறு. கதிர் பையை எடுத்தான். அப்போது ஃபோன் அடித்தது. வீடியோவில் செல்வி.

"இன்னிக்கு எந்த நாட்டு சோறு சாமி? தட்டக் காட்டு. இன்னாடா இது, கொழந்தைக்கு வெக்கிற மாதிரி? என்னாங்க, கேட்டீங்களா இல்லியா? எப்ப கூட்டிக்கினு வர்றீங்க?"

கதிர் என்னைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினான், வேண்டாம் என்று. நான் ஃபோனை வாங்கிக்கொண்டேன்.

"செல்வி, சக்கரை வந்திருக்குது."

"உங்களுக்கா? போன மாசமே பார்டர்ல இருக்குதுன்னாங்களே. மாத்திரைய ஒழுங்கா போட்டாத்தானே?"

"எனக்கில்ல. கதிருக்கு."

திரையில் எங்கள் வீட்டுக் கூரையும் மின்விசிறியும் தெரிந்தன. ஃபோனைக் கீழே வைத்துவிட்டாள். நான் கூரையைப் பார்த்தே எல்லாவற்றையும் சொன்னேன். தரையில் கிடந்ததை, கதவைத் தட்டியதை, நான்கு கடைகளை, துருக்கிக் கடையில் நான் செய்ததை. அழுகைச் சத்தம் வரும் என்று காத்திருந்தோம். பிறகு அவள் முகம் வந்தது.

"அவரு இருக்கறாரா அங்க?"

"யாரு?"

"கதவத் தட்டினவரு."

சுரேஷ் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கும்பிட்டார். செல்வி கும்பிட்டுவிட்டு, அவருக்குத் தமிழ் தெரியுமா என்றுகூட யோசிக்காமல் கேட்டாள்.

"கொழம்புக்கு இன்னா எண்ணெய் ஊத்தறீங்க?"

கதிர் அதை ஜப்பான் மொழியில் சொல்ல, சுரேஷ் ஓடிப்போய் எண்ணெய் டின்னைக் கொண்டுவந்து காட்டினார்.

"மல்லாட்டை எண்ணெய் இல்லியா?"

"இல்லம்மா. இங்க கெடைக்காது."

"செரி. திங்கள்லேந்து வியாழன் வரிக்கும் நாலு பேரு பாத்துக்கிறாங்க. வெள்ளி, சனி, ஞாயிறு எவரு பாக்கறாங்கன்னு கேளு."

கதிர் கேட்கவில்லை. அவனுக்கே பதில் தெரியும். சுரேஷ் என்னைப் பார்த்தார். அந்த மூன்று நாளைப் பற்றி நாங்கள் யாரும் யோசித்திருக்கவில்லை.

"அந்த மூணு நாள் என்னுது," என்றாள் செல்வி. "நாலு மணிக்கு எனக்குத் தட்டக் காட்டணும். அஞ்சு நிமிஷம் பாப்பேன். வரலன்னா இவருக்கு அடிப்பேன். இவரு நம்பர எனக்கு அனுப்பு. என்னுத இவருக்குக் குடு. பாஷை தெரியாட்டி பரவால்ல, என் பேரப் பாத்தாலே போய்க் கதவத் தட்டட்டும்."

கதிர் மொழிபெயர்த்தான். பாதியில் அவன் குரல் நின்றது. மீதியைச் சுரேஷ் தானாகவே புரிந்துகொண்டு, சரி சரி என்று தலையசைத்தார்.

"என்னாங்க."

"சொல்லு."

"நீங்க மட்டும் வாங்க."

ஃபோனை வைத்துவிட்டாள். இனிமேல்தான் அழுவாள் என்று எனக்குத் தெரியும். சுரேஷ் தட்டைக் காட்டி, சூடு ஆறுகிறது என்றார். கதிர் பையோடு எழுந்தான்.

"எங்கடா போற?"

"உள்ள, ஊசி..."

"இங்கயே போடு. எப்படி போடறன்னு நானும் பாக்கறேன்."

ஒரு நிமிடம் நின்றான். பிறகு உட்கார்ந்து பையைத் திறந்தான். பேனாவைப் போல ஒன்றை எடுத்து, ஊசியைப் பொருத்தி, நுனியைத் திருகினான். எண்களை எனக்குக் காட்டினான்.

"அப்பா, உங்க தட்ட கொஞ்சம் நகத்துங்க."

நகர்த்தினேன்.